பழைய பாட்டிலா, புதிய பாட்டிலா? பெர்ஃப்யூம் மறுவடிவங்களை ஒப்பிட முழுமையான வழிகாட்டி

“இப்போது வருவது பழைய மாதிரி இல்லை.” புகழ்பெற்ற பெர்ஃப்யூம் எதைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பல நேரம் அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள் நாலு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கம்பெனி ஃபார்முலாவை மாற்றியிருக்கலாம்; மறுவடிவம் என்பது இதுதான். பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்துக்கு வயதாகியிருக்கலாம். இரண்டு பாட்டிலும் வேறு வேறு செறிவில் இருக்கலாம். முகர்ந்தவர் ஏற்கெனவே ஒரு முடிவோடு முகர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் “கெடுத்துவிட்டார்கள்” என்று தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது என் கட்சி. எப்படிப் பிரிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில், ஏன் மாற்றுகிறார்கள்?

காரணம் தெரிந்தால்தான் எதைத் தேடி முகர வேண்டும் என்பது தெரியும். அதனால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

இஃப்ரா என்ற சர்வதேச நறுமணப் பொருள் சங்கம் 1973ல் தொடங்கப்பட்டது. எந்த மூலப்பொருளை எவ்வளவு சேர்க்கலாம், எதைச் சேர்க்கவே கூடாது என்று அது தரநிலைகள் வகுக்கிறது. அவ்வப்போது திருத்தங்களும் வெளியாகும். 2023ல் வந்தது 51ஆவது திருத்தம். இது சட்டம் கிடையாது. ஆனாலும் பெரிய கம்பெனிகள் எல்லாம் இதன்படியே நடக்கின்றன. இதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதனச் சட்டம் இருக்கிறது. அது மீற முடியாதது.

இந்த விதிகளால் அதிகம் அடிபட்டது ஓக்மாஸ். ஓக் மரப்பட்டையில் வளரும், பாசி மாதிரித் தெரியும் ஒரு லைக்கனிலிருந்து எடுப்பது. ஈரமண், மரப்பட்டை, மை எல்லாம் கலந்த மாதிரி ஒரு ஆழ்ந்த வாசனை. ‘சிப்ர்’ என்று அழைக்கப்படும் வகை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. 1919ல் ஜாக் கெர்லான் உருவாக்கிய மிட்சுகோ அந்த வகையின் பெரிய பெயர். ஓக்மாஸில் இயற்கையாகவே இருக்கும் அட்ரனால், குளோரோ அட்ரனால் என்ற இரண்டு பொருள்களும் கடுமையான தோல் ஒவ்வாமையைத் தூண்டுபவை. முதலில் இஃப்ரா அளவைக் குறைத்தது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரண்டு பொருள்களையுமே தடைசெய்தது: 2019 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சந்தைக்கு அனுப்பக் கூடாது, 2021 ஆகஸ்ட் முதல் விற்கவே கூடாது. இன்று பயன்படுத்துவது அவற்றைப் பிரித்து நீக்கிய ஓக்மாஸ். வாசனை அதே திசையில்தான் இருக்கிறது, ஆனால் அந்த இருட்டும் கனமும் கொஞ்சம் குறைவு. குறைந்த இடத்தை எதை வைத்து நிரப்புகிறார் என்பதில்தான் மறுவடிவம் செய்பவரின் திறமை தெரியும்.

இரண்டாவது பெரிய அடி மியூகே வாசனைக்கு. லில்லி ஆஃப் தி வேலி என்ற அந்த வெள்ளைப் பூவிலிருந்து வணிக அளவில் எண்ணெய் எடுக்க முடியாது. அதனால் அந்த வாசனை முழுக்க ஆய்வகத்தில் கட்டப்படுவது. எட்மோன் ருட்னிட்ஸ்கா 1956ல் செய்த டியோரிசிமோ இதில் உச்சம். அதற்கு ஆதாரமான ஹைட்ராக்ஸிசிட்ரொனெலாலுக்கு இஃப்ரா உச்சவரம்பு வைத்தது. அந்த வாசனைக்குத் தொழில் வெகுவாக நம்பியிருந்த வேறு இரண்டு பொருள்கள் லைராலும் லிலியாலும். லைராலுக்கு ஓக்மாஸ் பொருள்களோடு சேர்த்து அதே தேதிகளில் தடை வந்தது. இனப்பெருக்கத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட லிலியாலுக்கு 2022 மார்ச் 1 முதல் தடை. ஆக, தடையான இந்தப் பொருள்கள் இருந்த எந்தப் பெர்ஃப்யூமும் மறுவடிவம் ஆகாமல் ஐரோப்பியக் கடையில் இருக்க முடியாது. “எங்கள் ஃபார்முலா மாறவே இல்லை” என்று விற்பனையாளர் சத்தியம் செய்தாலும் சரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் உள்ள பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும். அதனால் அதை நீக்கிய எண்ணெய் வந்தது. அந்தக் காலத்துப் பெர்ஃப்யூம்களுக்குப் பவுடர் போன்ற மென்மையைத் தந்த நைட்ரோ கஸ்தூரிகள் என்ற பழைய செயற்கைக் கஸ்தூரிகளில் சில தடையாகின, சில கட்டுப்படுத்தப்பட்டன. விலங்கிலிருந்து எடுத்த கஸ்தூரியும் புனுகும் போய் செயற்கை மாற்றுகள் வந்தன. மைசூர் சந்தன எண்ணெய் அரிதாகி, விலை ஏறி, பல ஃபார்முலாக்களிலிருந்து மெல்ல வெளியேறியது.

இவை எல்லாம் வெளியே சொல்லக்கூடிய காரணங்கள். சொல்லாத காரணங்களும் உண்டு: உரிமை கைமாறியது, செலவுக் கணக்கு, ‘இன்றைய ரசனை’ என்று விளம்பரப் பிரிவு கொடுக்கும் அழுத்தம். விதிமுறையின் மேல் பழியைப் போடுவது கம்பெனிக்கு வசதி. செலவைக் குறைத்தோம் என்று யாரும் பெட்டியில் அச்சடிப்பதில்லை. ஃபார்முலா தொழில் ரகசியம் என்பதால் வெளியிலிருந்து சரிபார்க்கவும் வழியில்லை. பெர்ஃப்யூமின் வாசனைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006ல் சொன்ன பிறகு, ரகசியமாக வைத்திருப்பதுதான் அவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

படி 1: ஒரே பெர்ஃப்யூமைத்தான் ஒப்பிடுகிறீர்களா?

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

1947ல் வந்தது மிஸ் டியோர். 2005ல் மிஸ் டியோர் ஷெரி என்று முற்றிலும் வேறான, இனிப்பான ஒன்று வந்தது. 2011ல் அந்த ஷெரியின் பெயரை மிஸ் டியோர் என்று சுருக்கிவிட்டு, 1947க்காரரை ‘ஒரிஜினல்’ என்ற ஒட்டோடு ஓரமாக நிறுத்தினார்கள். அதேபோல 2005ன் டியோர் ஓம், ஐரிஸ் வேரின் பவுடர் வாசனைக்குப் பெயர் போனது. 2020ல் அதே பெயரில் வந்தது மரவாசனை கொண்ட வேறொரு பெர்ஃப்யூம். இவற்றை மறுவடிவம் என்று சொல்வதே தப்பு. பெயரை எடுத்து வேறொருவருக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது செறிவு, அதாவது ஆல்கஹாலில் வாசனை எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது. ஓ டி டாய்லெட், ஓ டி பெர்ஃப்யூம், எக்ஸ்ட்ரே ஆகியவை ஒரே திரவத்தின் நீர்த்த வடிவங்கள் என்று நினைப்பது வழக்கம். பெரும்பாலும் அப்படி இல்லை. ஷனெல் நம்பர் 5ன் மூலம் 1921ல் எர்னெஸ்ட் போ செய்தது. அதன் ஓ டி பெர்ஃப்யூம் 1986ல் ஜாக் போல்ஜ் தனியாகக் கட்டியது. பழைய ஓ டி டாய்லெட்டையும் இன்றைய ஓ டி பெர்ஃப்யூமையும் பக்கத்தில் வைத்து “மாறிவிட்டது” என்றால், மாறத்தான் செய்யும். டாய்லெட்டுக்கு டாய்லெட், எக்ஸ்ட்ரேக்கு எக்ஸ்ட்ரே. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

படி 2: பாட்டிலின் வயதைக் கண்டுபிடிப்பது

இது துப்பறியும் வேலை. எனக்கு இந்தப் படிதான் முகர்வதைவிடப் பிடிக்கும்.

பாட்டிலின் அடியிலும் பெட்டியிலும் பேட்ச் கோடு, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் குறியீடு இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி வேறு, பாட்டில் வேறு. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. டியோரின் பேட்ச் கோடை ரசிகர்கள் வழக்கமாகப் படிக்கும் விதம் இது: முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்து வரும் எழுத்து மாதம். சிக்கல் என்னவென்றால், 9 என்றால் 1989, 1999, 2009, 2019 எதுவாகவும் இருக்கலாம். கோடைப் படித்துத் தேதி சொல்லும் இணையக் கருவிகள் பெரும்பாலும் இருப்பதிலேயே புதிய ஆண்டைச் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

பத்தாண்டைத் தீர்மானிக்க, பெட்டியின் பின்புறத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். ஐரோப்பியச் சந்தைக்கான பெட்டி என்றால் கணக்கு இப்படிப் போகும். பட்டியலே இல்லையா? 1990களின் பிற்பகுதிக்கு முந்தையதாக இருக்கலாம். ஆல்கஹால், நீர், பர்ஃபம் (வாசனைக் கலவை), ஏதாவது நிறமி என்று ரொம்பச் சின்னதாக முடிகிறதா? 1990களின் இறுதிக்கும் 2000களின் நடுப்பகுதிக்கும் இடைப்பட்டது. லினலூல், லிமோனீன், சிட்ரோனெலால் என்று வரிசையாக நீள்கிறதா? 2005க்குப் பிந்தையது. அந்த ஆண்டு மார்ச்சிலிருந்து 26 ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்தனியாக எழுத வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. திறந்த பிறகு எத்தனை மாதம் என்று காட்டும் திறந்த டப்பா சின்னமும் அந்தச் சமயத்தில் வந்ததுதான்.

அந்த நீண்ட பட்டியலுக்குள்ளும் தடயம் உண்டு. பியூட்டைல்ஃபீனைல் மெத்தில்புரொபியோனல் என்று இருந்தால் அதுதான் லிலியால். 2022க்கு முந்தைய சரக்கு. ஹைட்ராக்ஸிஐசோஹெக்ஸைல் என்று தொடங்கும் நீளமான பெயர் லைரால். அது 2019 தடைக்கு முந்தையது. எவர்னியா புருனாஸ்ட்ரி என்றால் ஓக்மாஸ் சாறு, எவர்னியா ஃபர்ஃபுரேசியா என்றால் ட்ரீமாஸ் என்ற இன்னொரு லைக்கனின் சாறு. ஆக, 9ல் தொடங்கும் கோடு, கூடவே லைரால் இருக்கிற நீண்ட பட்டியல் என்றால் 2009 என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். லைரால் இல்லை என்பதை வைத்து மட்டும் 2019 என்று முடிவு செய்யக் கூடாது. அந்தப் பெர்ஃப்யூமில் அது எப்போதுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அமெரிக்கச் சந்தைக்கான பெட்டிகளில் மூலப்பொருள் பட்டியல் இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. அதனால் எந்தச் சந்தைக்கான பெட்டி என்று முதலில் பாருங்கள்.

இந்த வரிசையில் இனியும் ஒரு அடையாளம் சேரப்போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் அந்த 26ஐ எண்பதுக்கும் மேலாக விரித்திருக்கிறது. புதிய தயாரிப்புகளுக்கு 2026 ஜூலை 31, ஏற்கெனவே சந்தையில் உள்ளவற்றுக்கு 2028 ஜூலை 31 கெடு.

படி 3: பழைய திரவம் நல்ல நிலையில் இருக்கிறதா?

முப்பது வருடப் பாட்டிலைத் திறந்தால் வருவது முப்பது வருடத்துக்கு முந்தைய வாசனை என்று எண்ணுவது பெரிய மயக்கம். ஆரஞ்சு, எலுமிச்சை வகை எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து முதலில் கெடும். அதனால் பழைய பாட்டிலில் தொடக்க வாசனை மங்கியோ புளித்தோ இருக்கும். நெயில் பாலிஷ், வினிகர், சிக்கு பிடித்த எண்ணெய் போன்ற வாடை முதல் சில நிமிடங்களில் அடித்து, பிறகு அடங்கி நல்ல வாசனை வந்தால் பாட்டில் தேறும். அரை மணி நேரம் கழித்தும் அடங்காவிட்டால் ஒப்பீட்டுக்கு அது உதவாது.

நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வெனிலின் அதிகமுள்ளவை தானாகவே பழுப்பாகும். 1925ன் ஷாலிமார் மாதிரியானவை கறுத்திருப்பதில் அதிசயமில்லை. பாட்டில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் முக்கியம். பாதி காலியான பாட்டிலில் பாதி காற்று. வெளிச்சத்தில் அலங்காரமாக வைத்திருந்த பாட்டில், பெட்டியோடு அலமாரிக்குள் கிடந்ததைவிட எப்போதும் மோசமாகவே இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடக்கத்தின் பளிச்சென்ற சிட்ரஸ் வயதில் போய்விட்டதால், அடிவாசனைகள் சீக்கிரமே மேலே வந்துவிடும். “பழையது எவ்வளவு ஆழம், புதியது எவ்வளவு கூச்சல்” என்று நாம் உருகுவதில் ஒரு பங்கு இதனால்தான். அந்த ஆழத்தைச் செய்தவர் பெர்ஃப்யூமர் மட்டும் இல்லை, ஆக்சிஜனுக்கும் பங்கு உண்டு.

பிரான்சின் வெர்சாயில் 1990ல் தொடங்கிய ஆஸ்மோதெக் என்ற நறுமணக் காப்பகம் பெர்ஃப்யூம்களை ஆர்கான் வாயுவுக்குக் கீழே, 12 டிகிரி செல்சியஸில், இருட்டில் வைத்துப் பாதுகாக்கிறது. மறைந்துபோன பலவற்றை மூல ஃபார்முலாவின்படி புதிதாகக் கலந்தும் வைத்திருக்கிறார்கள். ‘அசல்’ என்ற சொல்லுக்கு நெருக்கமானது அப்படிப் புதிதாகக் கலந்ததுதான். ஏல விற்பனையில் வாங்கிய பாட்டில் அதற்கு அடுத்த இடம்.

படி 4: கண்ணுக்குத் தெரியாமல் முகருங்கள்

பழைய பாட்டிலின் கனத்தையும் அதற்குக் கொடுத்த பணத்தையும் மூக்கு மறப்பதில்லை. அதனால் மறைத்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

தெளிப்பானை நம்பாதீர்கள். பழைய பம்ப் ஒரு அழுத்தத்துக்கு விடும் அளவும் புதிய பம்ப் விடும் அளவும் வேறு. இரண்டையும் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் எடுத்து, டிராப்பரால் ஸ்ட்ரிப்பில் (வாசனை பார்க்கும் காகிதப் பட்டை) சமமாக இரண்டிரண்டு சொட்டு விடுங்கள். ஸ்ட்ரிப்பின் அடியில் எண் மட்டும் இருக்கட்டும். எந்த எண் எது என்பது உங்களுக்கு உதவுகிற இன்னொருவருக்கு மட்டும் தெரியட்டும்.

அப்புறம் முக்கோணச் சோதனை. உணவு, பானத் துறையில் சுவை சோதிப்பவர்கள் காலம்காலமாகச் செய்வது. மூன்று ஸ்ட்ரிப்: இரண்டு ஒன்று, ஒன்று வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற கேள்வியே இப்போது கிடையாது. குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால் ஒரு தடவை போதாது. ஆறு சுற்று செய்து குறைந்தது ஐந்து சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வெறும் அதிர்ஷ்டத்தில் அப்படி அமைய நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. நாலுதான் சரி என்றால் அதிர்ஷ்டத்துக்குப் பத்து சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதை வைத்து ஊருக்கு அறிவிப்பு விட வேண்டாம்.

ஆறு சுற்றையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். மூக்கு சீக்கிரம் சோர்ந்துவிடும். இடையில் காபிக் கொட்டையை முகர்வதில் தனிப் பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வெளியே போய்ச் சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலே போதும்.

எப்போது முகர்வது என்பதிலும் ஒழுங்கு வேண்டும். சொட்டு விட்ட உடனே, அரை மணி நேரத்தில், மூன்று மணி நேரத்தில், மறுநாள் காலை. பழைய பாட்டிலின் முதல் பத்து நிமிடம் வயதின் சாட்சி; அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்பில் சேர்க்காதீர்கள். ஓக்மாஸ், கஸ்தூரி, சந்தனம் என்று நாம் தேடுகிற மாற்றங்கள் எல்லாம் மூன்று மணி நேரத்துக்குப் பிறகுதான் வெளிப்படும். மறுநாள் ஸ்ட்ரிப்பில் எஞ்சியிருப்பதுதான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

ஸ்ட்ரிப்பில் முடிந்த பிறகுதான் தோல். கைக்கொன்றாக, மணிக்கட்டுக்கு மேலே. பழையதைத் தோலில் போடும் முன் யோசியுங்கள். ஒவ்வாமைக்காக நீக்கியவை எல்லாம் அதில் இருக்கின்றன. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு விட்டு ஓரிரு நாள் பாருங்கள். பழைய பெர்கமாட் வகைகளைப் போட்டுக்கொண்டு வெயிலில் போகவே வேண்டாம்.

படி 5: இன்னொரு மூக்கு, இன்னொரு பாட்டில்

சிலருக்குக் குறிப்பிட்ட செயற்கைக் கஸ்தூரிகள் மூக்கில் ஏறவே ஏறாது. பிறவியிலேயே அப்படி. அப்படிப்பட்டவருக்குப் புதிய வடிவம் இரண்டு மணி நேரத்தில் காணாமல் போனதாகத் தோன்றும். பக்கத்தில் இருப்பவருக்கு அறை முழுக்க வாசனை வீசும். ஆகவே “நிற்கவே மாட்டேன் என்கிறது” என்ற புகாரை இன்னொருவரை முகரச் சொல்லிச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள்.

அதேபோல ஒரே ஃபார்முலா பேட்சுக்கு பேட்ச் கொஞ்சம் மாறும். இயற்கைப் பொருள்களின் அறுவடை ஒவ்வொரு வருடமும் ஒன்றுபோல இருக்காது. 2010ல் வந்த கிரீட் அவென்டஸ் ரசிகர்கள் இதை ஒரு தனிக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள்: இந்தக் கோடில் புகை அதிகம், அந்தக் கோடில் அன்னாசி அதிகம் என்று. அதில் எவ்வளவு மூக்கு, எவ்வளவு பேட்ச் கோடைப் பார்த்த பிறகு வந்த உறுதி என்று எனக்குச் சந்தேகம் உண்டு. எப்படியானாலும், ஒரே காலத்து இரண்டு பேட்சுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் தெரியாமல், இரண்டு காலங்களின் வித்தியாசத்தை அளக்க முடியாது. முடிந்தால் பழையதில் இரண்டு, புதியதில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முழு பாட்டில் தேவையில்லை, பெரிய பாட்டிலிலிருந்து பிரித்து ஊற்றிய சில மில்லி டெக்கான்ட் போதும்.

படி 6: எழுதும்போது

“ஆன்மா இல்லை”, “மலிவாக இருக்கிறது” என்பதெல்லாம் யாருக்கும் உதவாது. பேட்ச் கோடு, செறிவு, பாட்டிலின் நிலை, எத்தனையாவது மணியில் என்ன, மறைத்துச் சோதித்தீர்களா என்பதை எழுதுங்கள். காரணத்தை ஊகிக்கும்போது ஊகம் என்றே சொல்லுங்கள். ஈவ் செயின்ட் லாரன்டின் 1977 பெர்ஃப்யூமான ஓபியம் 2009ல் புது பாட்டிலுக்கு மாறியபோது வாசனையும் மெலிந்தது என்பது ரசிகர்களிடையே பரவலான கருத்து. அதற்கு முந்தைய வருடம்தான் லோரியால் கம்பெனி ஈவ் செயின்ட் லாரன்டின் அழகுசாதனப் பிரிவை வாங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கதை தானாக எழுதிக்கொள்ளும். ஆனால் ஓபியம் மாதிரி மசாலாவும் பிசினும் நிறைந்த பெர்ஃப்யூமுக்கு ஒவ்வாமை விதிகளின் அழுத்தமும் அதே காலத்தில் இருந்தது. எது எவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

படி 7: வாங்குவது

ஒப்பிட்டுப் பார்த்து வித்தியாசம் தெரியவில்லை என்றால் புதியதை வாங்கிவிடுங்கள். பழையதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெட்டிக்குத்தான் போகும். வித்தியாசம் தெரிந்து, பழையதுதான் வேண்டும் என்றால், ஆகப் பழையதைத் துரத்த வேண்டிய அவசியமில்லை. நீங்கள் விரும்புகிற அம்சம் எந்த விதிக்கு முன்னால் இருந்தது என்று பார்த்து, அந்தத் தடைக்குச் சற்று முந்தைய வருடத்தை எடுங்கள். லிலியால் காலத்து மியூகே வேண்டுமென்றால் 2000களின் பாட்டில் போதும். 1960களின் பாட்டிலில் அந்த மென்மையான பூ வாசனை தாங்கியிருப்பது கஷ்டம். சிப்ர் வகைகள் கொஞ்சம் வயதைத் தாங்கும். எக்ஸ்ட்ரே என்றால் சீல் உடையாத சின்ன பாட்டில் நல்லது. பாட்டிலின் அடியை, கோடை, திரவ மட்டத்தை, பெட்டியின் பட்டியலைத் தெளிவாகப் படம் எடுத்துத் தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பழைய பெயர்களிலும் போலி உண்டு.

வந்ததும் குளியலறையில் வைக்க வேண்டாம். பெட்டிக்குள், நிமிர்த்தி, குளிர்ந்த இருட்டான இடத்தில். பாதிக்குக் கீழே இறங்கியதும் மீதியைச் சின்னக் குப்பிகளில் கழுத்து வரை நிரப்பி மாற்றி, ஒவ்வொன்றிலும் பேட்ச் கோடை எழுதி ஒட்டிவிடுங்கள்.